பட்டணத்து மேட்டு மூத்தவள்

எங்கள் ஊரில் இப்போது பட்டணத்து மேட்டைப் பற்றிச் சொல்லித் திரிகிற கதையில் தங்கக் குடம் வருகிறது. ராணி வருகிறாள். ஏழு வாசல் வைத்த கோட்டை வருகிறது. என் வீட்டுக்காரரை அதில் பெரிய வீரனாக ஆக்கிவிட்டார்கள். ஏறிக்கொள்ளக் குதிரை ஒன்றுதான் பாக்கி. எல்லாம் பொய். அந்தக் கதையைச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் அப்போது பிறக்கவில்லை. மீதிப் பேர் ஊர்ப் பொது மந்தையில் நின்று எங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள். நடந்ததை நான் எழுதுகிறேன். அதிகம் படித்தவள் இல்லை, அலங்காரமாக எழுத வராது. பிடிக்காதவர்கள் குதிரைக் கதையையே வைத்துக்கொள்ளட்டும்.

மதுரைக்கு மேற்கே, நாகமலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் எங்கள் ஊர். பெரியாற்றுத் தண்ணீர் பக்கத்து ஊர் வரைக்கும் வரும், எங்கள் ஊருக்கு வராது. மழையை நம்பின பூமி. ஊருக்குத் தெற்கே பனங்காடு. அதற்கு நடுவில் அந்த மேடு. சுற்றிலும் செம்மண், மேடு மட்டும் சாம்பல் நிறம். காலால் கிளறினாலே ஓடு வரும், உள்பக்கம் கறுப்பும் வெளிப்பக்கம் சிவப்புமாக. மழை பெய்து ஓய்ந்தால் சங்கு வளையல் துண்டுகள் பல் முளைத்த மாதிரி வெளியே தெரியும்.

அடியில் ஒரு பட்டணம் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். மதுரைக்கும் மூத்த பட்டணம் என்பார்கள். மண்மாரி பெய்து மூடிவிட்டதாம். சனங்கள் எல்லாரும் ஓடிவிட்டார்கள், ஒருத்தியைத் தவிர. அவள் புருஷன் முத்து வாங்கக் கடற்கரைப் பக்கம் போயிருந்தான். அவன் திரும்பி வந்து வீட்டைத் தேடும்போது நான் இல்லாவிட்டால் எப்படி என்று உள்ளேயே இருந்துவிட்டாள். மண் அவள் மேல் விழுந்தது. விழுந்தது அவளுக்குத் தெரியாது. இன்னும் சமைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். அதனால் உச்சி வேளையில் ஆம்பளை எவனும் தோளில் மூட்டையோடு அந்த மேட்டில் ஏறக் கூடாது. ஏறினாலும், யாராவது கூப்பிட்டால் பதில் சொல்லக் கூடாது.

சின்ன வயதில் இதைக் கேட்டு நான் பயந்ததில்லை. எரிச்சல்தான் வந்தது. ஊரே ஓடும்போது ஒருத்தி உட்கார்ந்திருப்பாளா, அப்படி என்ன பெரிய புருஷன் என்று கேட்டேன். என் வாய்க்கு அப்போதே பெயர் உண்டு.

என் வீட்டுக்காரர் என் அப்பாவின் தங்கை மகன். அவரை எனக்குக் கட்டிவைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன், நான்தான் கட்டிக்கொண்டேன். கிணறும் இரண்டு ஜோடி மாடும் உள்ள ஒரு வீட்டிலிருந்து என்னைக் கேட்டு வந்தார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்த மாப்பிள்ளை வந்து உட்கார்ந்து மாட்டைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போனான். என் மச்சானுக்கு ஒரு மாடுதான் இருந்தது, அதுவும் நொண்டி. ஆனால் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். மேகத்தைக் காட்டி, அதில் யார் யார் போகிறார்கள் என்று சொல்லுவார். இந்த மாதிரி ஆளைக் கட்டினால் சோற்றுக்கு என்ன செய்வாய் என்று என் அம்மா கேட்டாள். கஞ்சி குடிச்சுக்கிறேன் என்றேன். கஞ்சிதான் குடித்தோம். அதில் எனக்குக் குறை இல்லை.

யுத்தத்துக்கு முந்தின பஞ்ச வருஷங்களில் ஒன்றில்தான் அது நடந்தது. மழை இல்லாமல் நிலம் பாளமாக வெடித்திருந்தது. மேட்டுச் சாம்பல் மண்ணை வெட்டிக் கொண்டுவந்து நிலத்தில் போட்டால் அடுத்த மழைக்குக் கம்பு நன்றாக வரும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எல்லாரும் காலையில் போய் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவார்கள். அவர் இன்னும் ஒரு கூடை, இன்னும் ஒரு கூடை என்று நின்றுவிட்டார். தோளில் துண்டில் முடிந்த சோற்று மூட்டை. மண்வெட்டி ஒரு தாழியில் பட்டிருக்கிறது.

தாழி வந்தால் எங்கள் ஆட்கள் ஒரு பிடி தானியத்தைப் போட்டு மூடிவிட்டு வந்துவிடுவார்கள். அடுத்த வருஷம் வரை அந்த இடத்தில் வெட்ட மாட்டார்கள். அவர் மூடவில்லை. உள்ளே கை விட்டார். மண்டை ஓடு ஒன்று, சில எலும்புகள், ஒரு கை நிறையச் சிவப்பு மணிகள். பனை ஓலை சடசடவென்று அடித்துக்கொண்டிருந்ததாம், திடீரென்று ஒரு ஓலையும் அசையவில்லையாம். முதுகுப் பக்கம் ஒரு பெண் குரல் கேட்டிருக்கிறது. "வந்துட்டீகளா?"

அவர் நான் என்று நினைத்துக்கொண்டு, "வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

நான் அப்போது வீட்டில் களி கிண்டிக்கொண்டிருந்தேன்.

அவர் அதை என்னிடம் ஒளிக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே மணிகளை என் மடியில் கொட்டிவிட்டு எல்லாவற்றையும் சொன்னார்.

"நெசமாவே கேட்டுச்சா மச்சான்?"

"ஒன் மேல சத்தியமா."

"என் மேல எதுக்கு? அவ மேல பண்ணுங்க."

சிரித்தோம். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் சிரித்தோம், அதையும் எழுதத்தான் வேண்டும். அதற்கப்புறம் வந்த சில மாதங்களைப் போல நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை. தினமும் மேட்டுக்குப் போய்விட்டு வந்து, முற்றத்து மண்ணில் குச்சியால் அந்தப் பட்டணத்தை வரைந்து காட்டுவார். இது கடைத்தெரு. இது மணி கோர்க்கிறவர்கள் இருக்கிற சந்து. இது சாயக்காரர் வீடு, வாசலில் மூன்று தொட்டி. நான் குனிந்து, "இந்தக் கடைல வளையல் என்ன வெல?" என்று கேட்பேன். "உனக்கு சும்மாவே குடுப்பாக, நீ வாயத் தொறக்காம இருந்தா" என்பார். மறுநாள் போய்த் தோண்டினால் அவர் கோடு போட்ட இடத்தில் தொட்டியின் விளிம்பு இருக்கும். இது நல்லதுக்கில்லை என்று தோன்றும். ஆனாலும் மறுநாள் சாயங்காலம் எப்போது வரும் என்றுதான் காத்திருப்பேன்.

அந்த மணிகள் என்ன மணி என்று கேட்க மதுரையில் சிம்மக்கல்லில் ஒரு மணிக்கடைக்குப் போனார். கடைக்காரர் பாய் நல்ல பருமன். பாசிமணி, கண்ணாடி மணி, ஜரிகை எல்லாம் வைத்திருந்தார். மணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மாப்ள, இது எந்தக் கடையிலயும் கெடைக்காது, எங்க எடுத்த?" என்று கேட்டு, அன்றைக்கே கடையை அடைத்துவிட்டு மாட்டு வண்டியில் கூடவே வந்துவிட்டார். முதலில் மணிக்காகத்தான் வந்தார். அப்புறம் அவருக்கும் கிறுக்குப் பிடித்துவிட்டது. பாம்புக்குப் பயந்துகொண்டு குடையைப் பிடித்தபடி மேட்டின் உச்சியில் உட்கார்ந்திருப்பார். "மாப்ள, அங்கிட்டு ஏதோ நெளியுது." "அது வேருண்ணே." "வேரு ஏன் மாப்ள நெளியுது?" இப்படியே பொழுது போகும்.

ஒரு நாள் உறைகிணறு ஒன்று வந்தது. சுட்ட மண் வளையத்தை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி இறக்கின கிணறு. உள்ளே அடைந்திருந்த மண்ணை அள்ளிப்போட்டு ஆள் இறங்குகிற அளவுக்கு ஆழமாக்கினார்கள். ஒரு பக்கம் வளையம் உடைந்து, பக்கவாட்டில் ஒரு பொந்து தெரிந்தது. பொந்துக்குள் நுழைகிற உடம்பு அவர்கள் இரண்டு பேருக்கும் இல்லை. கஞ்சிக் கலயத்தோடு நான் போயிருந்தேன். கொண்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டி இறங்கினேன்.

"தங்கச்சி, ஏதாச்சும் கடிச்சா சொல்லு, இழுத்துடுறோம்" என்றார் பாய்.

"கடிச்சப்புறம் இழுத்து என்னண்ணே பண்ண?"

பொந்துக்குள் ஊர்ந்து போனால் சின்ன அறை மாதிரி ஒரு இடம். கூரையாக இருந்த எதுவோ சாய்ந்து மண்ணைத் தாங்கிக்கொண்டிருந்தது. மூன்று கல் வைத்த அடுப்பு, கல்லெல்லாம் கரி. ஒரு சட்டி கவிழ்ந்திருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் அம்மி. நடுவில் அரைத்து அரைத்துக் குழிவிழுந்த அம்மி. என் அம்மியும் அப்படித்தான், வலது பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் தேய்ந்திருக்கும். அந்தக் குழியில் கையை வைத்தேன். ஈரமாக இருந்தது. மழை பெய்து எத்தனையோ மாதமாகியிருந்தது. நம்பினால் நம்புங்கள். கையை முகர்ந்து பார்த்தேன், மஞ்சள் வாசனை. நான் பயந்து கத்தவில்லை. பிறத்தியார் வீட்டு அடுப்படிக்குள் கேட்காமல் நுழைந்துவிட்ட மாதிரி வெட்கமாக இருந்தது. மேலே வந்ததும் கையை மண்ணில் தேய்த்துத் துடைத்தேன். ஒன்றும் இல்லை, வெறும் அடுப்படி என்றேன். என் வீட்டுக்காரர் மட்டும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம்தான் சிரிப்பு நின்றது.

எங்கள் முற்றத்தில் நடக்கும்போது ஓர் இடத்தில் தலையைக் குனிந்து போக ஆரம்பித்தார். அங்கே ஒன்றும் கிடையாது, திறந்த வானம். ஏன் குனிகிறீர்கள் என்றால், "நெல தட்டும்" என்றார். எந்த நிலை? அந்தப் பட்டணத்தில் அவள் வீட்டு நிலைவாசல். எங்கள் வீட்டுக்குள்ளேயே இல்லாத படி ஒன்றைத் தாண்டுவார். இல்லாத சுவரைச் சுற்றிக்கொண்டு போவார். கொஞ்ச நாளில் என் மாமியாரும் அந்த இடத்தில் குனிய ஆரம்பித்தார். நானும் ஒரு தடவை குனிந்துவிட்டேன். நிமிர்ந்ததும் ஆத்திரத்தில் அந்த இடத்திலேயே நின்று குதித்தேன்.

சோறு வைத்தால் பாதியைத் தட்டில் ஒதுக்கிவைத்துவிடுவார். யாருக்கு என்று கேட்டால் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவார். அப்புறம் காய்ச்சல் வந்தது. காய்ச்சலில் அவர் பேசினது எல்லாம் முத்தைப் பற்றியும் கப்பலைப் பற்றியும். எங்கள் ஆள் கடலைக் கண்ணால் கண்டதில்லை. காய்ச்சல் விட்டும் உச்சி வேளை ஆனால் எழுந்து மேட்டுக்குப் போனார். ஒரு நாள் நான் வாசலை மறித்து நின்றேன்.

"எங்க போறீக?"

"வீட்டுக்கு."

"இது என்ன, சத்திரமா?"

என்னைத் தள்ளவில்லை. திட்டவில்லை. யாரோ அறிமுகம் இல்லாத பெண்பிள்ளை வழியில் நிற்கிற மாதிரி ஒதுங்கிப் போனார். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

என் மாமியார் குறி சொல்கிற கோடாங்கியிடம் போனார். உடுக்கையை அடித்துவிட்டு அவன் சொன்னது இவ்வளவுதான்: அவள் இடமில்லாமல் நிற்கிறாள், ஒரு இடம் கொடு. ஒரு இடம் கொடு என்றால் என்ன இடம்? என் மாமியாருக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான். எங்கள் பக்கத்தில் முதல் பெண்டாட்டி செத்துப் போய், அடுத்து ஒருத்தியைக் கட்டிக்கொண்டால், செத்தவளை மூத்தவள் என்று வைத்துக் கும்பிடுவார்கள். ஓலைப் பெட்டியில் சேலை வைத்து, ஆடியிலும் தையிலும் அவளுக்குப் படைத்த பிறகுதான் இளையவள் புதுச்சேலை கட்டலாம். இளையவள் கழுத்தில் மூத்தவள் அடையாளமாகச் சின்னதாக ஒன்று கோர்த்துக்கொள்ளவும் வேண்டும். அப்படிச் செய்தால் செத்தவள் தொந்தரவு கொடுக்க மாட்டாள். எங்கள் ஆட்களுக்குப் பெண் பேய்க்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான். காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும் ஒரே கஷாயத்தைக் கொடுக்கிற மாதிரி கொடுத்துவிட்டார்கள்.

"அத்த, அவளுக்கும் இவருக்கும் கல்யாணமா ஆச்சு? அவ எப்படி எனக்கு மூத்தவ ஆவா?"

"வாய மூடுத்தா. என் புள்ள உசுரு முக்கியமா, ஒன் ரோசம் முக்கியமா?"

அந்தத் தாழி அவளுடையதுதான் என்று அவர்களே முடிவு கட்டினார்கள். தாழியிலிருந்த எலும்பையும் மணியையும் பெட்டியில் வைத்து, மேலே கூறைப்பட்டு ஒன்றை மடித்து வைத்தார்கள். உள்அறை மூலையில் பெட்டி உட்கார்ந்தது. பொங்கல் வைத்து ஊரைக் கூப்பிட்டுச் சோறு போட்டார்கள். நான் பெட்டிக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். என் தாலிக் கயிற்றில் அவள் சிவப்பு மணி ஒன்றைக் கோர்த்துவிட்டார்கள். எப்போது செத்தாள், எந்த ராஜா காலத்தில் செத்தாள் என்று எவருக்கும் தெரியாத ஒருத்திக்கு நான் இரண்டாம் தாரம் ஆனேன். வாழ்க்கையில் நான் பட்ட அவமானத்தில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

மருந்து வேலை செய்யவில்லை. எப்படிச் செய்யும்? வழியில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவளை வீட்டுக்குள் கொண்டுவந்து உரிமையோடு உட்கார வைத்துவிட்டார்கள். அவர் மேட்டுக்குப் போவதை நிறுத்தினார், அது வாஸ்தவம். அவள்தான் இங்கே வந்துவிட்டாளே. படுக்கிற பாயைச் சுருட்டிக்கொண்டு உள்அறைக்குப் போய்விட்டார். பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து மெதுவாகப் பேசுவார். அந்தப் பேச்சு எனக்குத் தெரியும். மேகத்தைக் காட்டிச் சொல்லும்போது பேசுகிற பேச்சு அது. காலையில் அறையைப் பெருக்கப் போனால் மஞ்சள் வாசனை மூக்கில் ஏறும். நான் மஞ்சள் அரைத்தே வாரக்கணக்காகியிருந்தது.

ஆள் பாதியாக இளைத்துவிட்டார். உடம்பில் சாம்பல் நிறம் ஏறியது. இன்னும் ஒரு கோடையைத் தாண்ட மாட்டார் என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: அந்த ஆள் மண்ணுக்கு மேலே என்னோடு இருக்க வேண்டும். அதற்கு என்ன வழி என்று யோசித்தேன். உரலில் கம்பு குத்திக்கொண்டிருந்தபோது வழி தெரிந்தது. உலக்கையை அப்படியே போட்டுவிட்டு மந்தைக்குப் போனேன்.

எங்கள் பக்கத்தில் புருஷன் பெண்டாட்டி ஒத்துப்போகாவிட்டால் மந்தையில் நாலு பேர் முன்னால் தீர்த்துக்கொள்ளலாம். கோர்ட்டு கச்சேரி கிடையாது. புருஷன் ஒரு துரும்பைக் கிள்ளிப் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன் கையில் கொடுக்க வேண்டும். அவன் வாங்கிக்கொண்டால் பந்தம் அறுந்தது, அதற்குத் தீர்வை என்று பெயர். உடன்பிறந்தவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவான்.

புளியமரத்தடியில் பெரியவர்கள் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் போய் நின்று, என் வீட்டில் ஒரு தீர்வை இருக்கிறது, கூட்டம் போடுங்கள் என்றேன்.

"ஒன் புருஷன நீ தீக்கணுமா?" என்றார் ஊர்த் தலைவர் பெரிய அம்பலம்.

"நான் எதுக்குத் தீக்கிறேன்? மூத்தவளத் தீக்கணும்."

"ஒங்க வீட்ல ஏதுத்தா மூத்தவ?"

"ஏதா? அவளுக்குச் சேலை வச்சுக் கும்பிட்டப்ப ரெண்டு தரம் பொங்கச் சோறு வாங்கித் தின்னீகள்ல. அந்த மூத்தவ."

ஒரே சிரிப்பு. எச்சில் தெறிக்கச் சிரித்தார்கள்.

"செத்தவள எப்படித்தா தீக்கிறது?"

"செத்தவளக் கட்டி வைக்கத் தெரிஞ்சுச்சுல்ல ஒங்களுக்கு? அப்ப யாரும் எப்படின்னு கேக்கலையே. என் தாலியில அவ மணி தொங்குது பாருங்க. இது செல்லும்னா தீர்வையும் செல்லும். தீர்வை செல்லாதுன்னா இதுவும் செல்லாது, இப்பவே அத்துப் போடுறேன்."

தாலிக் கயிற்றில் நான் கை வைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் கூட்டம் என்று சொன்னார்கள்.

ஊரே வந்திருந்தது. ஓலைப் பெட்டியை என் மாமியார் தூக்கி வந்து மரத்தடியில் வைத்தார், அழுதுகொண்டே வைத்தார். அவருக்கும் வேறு வழி தெரியவில்லை. என் வீட்டுக்காரரைப் பாய் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். சிம்மக்கல்லிலிருந்து அதற்கென்றே வந்திருந்தார். பெரிய அம்பலம் துரும்பைக் கையில் எடுத்துவிட்டு ஒரு சிக்கலைச் சொன்னார். துரும்பை வாங்க அவள் பிறந்த வீட்டு ஆள் வேண்டும். வாங்க ஆளில்லாமல் தீர்த்தால் அவள் நடுத்தெருவில் நிற்பாள், ஊருக்கு ஆகாது.

"அவ அண்ணந்தம்பிய எங்கிட்டுப் போய்த் தேட?" என்றார் ஒருவர்.

"கடலுக்குள்ள முத்து எடுக்கிறானாம், கூட்டியாங்கப்பா" என்றான் ஒரு இளவட்டம்.

பாய் எழுந்து நின்றார். "நான் வாங்கிக்கிறேன்."

"பாய், நீங்க எப்படி? அவ நம்ம..." என்று இழுத்தார் பெரிய அம்பலம்.

"நம்மன்னா? அவ எந்த ஆளுக, எந்தச் சாமி கும்பிட்டான்னு யாராச்சும் சொல்லுங்க, ஒதுங்கிக்கிறேன்." கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். "தெரியாதுல்ல? அப்ப எனக்குத் தங்கச்சின்னே இருக்கட்டும். எனக்குக் கூடப் பொறந்த பொண்ணு ஒண்ணும் இல்ல."

துரும்பு என் வீட்டுக்காரர் கைக்கு வந்தது. அவர் அதைக் கிள்ளாமல் வைத்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறிக்கொண்டே வந்தது. கூட்டத்தில் குழந்தை ஒன்று அழுதது, அதன் வாயை யாரோ பொத்தினார்கள். அவர் பெட்டியைப் பார்த்தார். அப்புறம், பல மாதத்துக்குப் பிறகு, என்னைப் பார்த்தார். என்னைத்தான் பார்த்தார், வழியில் நிற்கிற எவளையோ அல்ல.

"இதக் குடுத்துட்டா அவ அங்க தனியா இருப்பாளே."

"அண்ணன் வந்துருக்காக. தனியா இல்ல."

"இம்புட்டு காலம் நான் வருவேன்னு இருந்திருக்கா."

"நீங்க வருவீகன்னு இல்ல மச்சான். வேற ஒருத்தன. நீங்க என் அத்த மகன்."

துரும்பை விரலில் உருட்டினார். அப்புறம், "நீ சொல்லு. நீ குடுன்னா குடுக்கிறேன்" என்றார்.

அது என் தலையில் ஏற்றின பாரம். எனக்குத் தெரிந்தது. தெரிந்துதான், "குடுங்க" என்றேன். அதை இன்றைக்கும் தப்பு என்று நான் நினைக்கவில்லை. என்னிடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள், சொல்லவில்லை என்றால் அவள் பொய்க்காரி.

துரும்பைக் கிள்ளினார். பாய் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் கயிற்றிலிருந்த மணியை அறுத்து அவரிடம் கொடுத்தேன். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவரே மேட்டுக்கு நடந்தார். பாம்புக்குப் பயப்படுகிற ஆள், குடைகூட எடுக்கவில்லை. தாழி இருந்த இடத்திலேயே எல்லாவற்றையும் வைத்து மூடி, அவருக்குத் தெரிந்த மாதிரி துஆ ஓதிவிட்டு வந்தார். ஒரு மணியைக்கூடக் கடைக்கு எடுத்துப் போகவில்லை. வரும்போது அவர் முகம் வெளுத்திருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல தங்கச்சி, புள்ள அழுதுச்சு" என்றார். எந்தப் பிள்ளை என்று நான் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் பிழைத்துக்கொண்டார். ஒரு மாதத்தில் உடம்பு தேறியது. முற்றத்தில் நிமிர்ந்து நடந்தார். தட்டில் வைத்ததை எல்லாம் சாப்பிட்டார். நல்ல மழை பெய்தது, உழுதார். இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார், எனக்குக் கிடைத்த மாதிரி யாருக்குப் புருஷன் கிடைப்பான் என்று ஊரில் சொன்னார்கள்.

பேசினால் மாட்டைப் பற்றிப் பேசினார்.

முதலில் நான் கவனிக்கவில்லை. ஒரு நாள் மேற்கே மேகம் கூட்டம் கூட்டமாகப் போனது. யார் மச்சான் அது போறது என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "மேகம்" என்றார். இன்னொரு நாள் குச்சியை எடுத்துக் கையில் கொடுத்து, அந்தக் கடைத்தெருவைக் கொஞ்சம் போட்டுக் காட்டுங்கள் என்று கேட்டேன். எந்தக் கடைத்தெரு என்றார். நடிக்கவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. துரும்போடு சேர்த்து எதைக் கொடுத்தார் என்று யாருக்குத் தெரியும். பாய் வந்தால் வாங்க என்பார், உட்கார வைப்பார், அதோடு சரி. பாய் பேசிப் பார்த்துவிட்டு, கடைசியில் வருவதையே குறைத்துக்கொண்டார். நான் சில நாள் உச்சி வேளையில் தனியாக மேட்டுக்குப் போய் நிற்பேன். கோபமாகத்தான் போவேன். என்ன பிடுங்கி வைத்திருக்கிறாய், கொடு என்று கேட்கப் போவேன். ஓலை அடித்துக்கொண்டே இருக்கும். என்னோடு எவளும் பேசவில்லை.

யுத்தம் வந்தது. ரோடு போட மண் வேண்டும் என்று ஒரு காண்டிராக்டர் லாரிகளைக் கொண்டுவந்து மேட்டை வெட்ட ஆரம்பித்தான். ஓடு, அம்மி, எலும்பு எல்லாம் கலந்து லாரியில் ஏறிக்கொண்டிருந்தது. தகவல் வந்ததும் எனக்கு மனசில் என்னென்னவோ ஓடியது. இப்போது இவர் எழுந்து ஓடுவார், கத்துவார், மண்வெட்டியைப் பிடுங்குவார் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஓட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். திரும்ப அந்தக் கிறுக்குப் பிடித்தாலும் பரவாயில்லை என்று நினைத்தேன்.

"மச்சான், மேட்ட வெட்டுறாகளாம்."

"ஆமா. கூலிக்கு ஆள் வேணுமாம். போறேன்."

தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு, தோளில் சோற்று மூட்டையோடு போனார். பின்னாலேயே நானும் போனேன். நல்ல உச்சி வெயிலில், கூடை கூடையாக அந்தச் சாம்பல் மண்ணைத் தலையில் சுமந்து லாரியில் கொட்டினார். கூடையிலிருந்து சிவப்பாக ஏதோ உருண்டு அவர் காலடியில் விழுந்தது. அதை மிதித்துக்கொண்டு போனார். நான்தான் மேஸ்திரியிடம் போய்க் கத்தினேன். அங்கே ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள், வெட்டாதீர்கள் என்று கத்தினேன். கிறுக்கி போலிருக்கு, கூட்டிட்டுப் போங்கப்பா என்றான் அவன். என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்தது என் வீட்டுக்காரர்தான். கையைப் பிடித்து, ரொம்பப் பக்குவமாக வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டு, அரை நாள் கூலி போய்விடும் என்று திரும்பிப் போனார்.

சாயங்காலம் வந்து கால் கழுவிவிட்டு உட்கார்ந்தார். களியும் கீரையும் வைத்தேன். பசியோடு சாப்பிட்டார், இன்னொரு உருண்டை கேட்டு வாங்கினார். கேட்டது கிடைத்தவள் நான், யாரிடம் போய்க் குறை சொல்ல முடியும்? எதிரே உட்கார்ந்து அவர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் தட்டை எடுத்துக் கழுவினேன்.